நாளுக்கு மூன்று வாக்கியம்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் அன்றாடப் பயிற்சிக்குக் குறைவில்லை. காப்பி நோட்டு, இரட்டைக்கோடு நோட்டு, சொல்வதை எழுதுதல், தப்பாக எழுதிய சொல்லைப் பத்துத் தடவை எழுதி வரச் சொல்வது என்று பிள்ளையின் கை நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. கடலூர் முதல் சிதம்பரம் வரை எந்த ஊர்ப் பள்ளியானாலும், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் தமிழ் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்து நிறைந்திருக்கும். அதில் அந்தப் பிள்ளை தானாக யோசித்து எழுதிய வாக்கியங்கள் எத்தனை என்று தேடத் தொடங்கினால்தான் சிக்கல் தெரியும். பாடநூலின் கேள்விக்குப் பாடநூலிலேயே உள்ள விடை. கரும்பலகையில் இருப்பது அப்படியே நோட்டில். கட்டுரை என்றால் வகுப்பு முழுவதற்கும் ஒரே கட்டுரை. இலக்கணத்தின் நிலையும் இதற்கு மேலானதல்ல. வினையெச்சம் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையும் இரண்டு எடுத்துக்காட்டும் ஒப்பிக்கிற பிள்ளை, நேற்று வீட்டில் நடந்ததை எழுதும்போது ஒரு வினையெச்சத்தைக் கொண்டு இரண்டு வாக்கியங்களை இணைக்கத் தெரியாமல் நிற்கிறது. பயிற்சி இல்லை என்பது இங்கே குறை அல்ல. எதைப் பயிற்றுகிறோம் என்பதில்தான் கோளாறு. ஐந்து வயது முதல் பத்து வயது வரை உள்ள பிள்ளை, தன் சொந்த வாக்கியத்தை நாள்தோறும் எழுத வேண்டும். அந்த வாக்கியத்தைச் சீர்செய்யும் வேலையாகத்தான் இலக்கணம் அதன் கைக்கு வர வேண்டும். கலைச்சொல்லும் வரையறையும் அதற்குப் பிறகு வரட்டும் என்பதே இங்கே வைக்கப்படும் வாதம்.

நாள் தவறாத பயிற்சி இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டக் கலெக்டர்களிடம் பள்ளிக் கணக்குக் கேட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில், சுமார் ஒரு கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தொகை வந்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னார்க்காடும் அந்தக் கணக்கில் உண்டு. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் இரண்டு செய்திகள் அருகருகே கிடக்கின்றன. மணலில் விரலால் எழுதப் பழக்கும் சிக்கனத்தையும், மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அவர் வியக்கிறார். அதே பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் செய்யுள்களின் மொழி அன்றாடப் பேச்சிலிருந்து விலகிப்போனது, பொருள் தெரியாமலே அவர்கள் ஒப்பிக்கிறார்கள் என்று குறையும் சொல்கிறார். சென்னை ஆண் அனாதை இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், இதே மணலெழுத்தையும் சட்டாம்பிள்ளை முறையையும் பார்த்துப் பழகி, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார்; அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. உ.வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் விவரிக்கும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில், மாலையில் வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவார்கள், மறுநாள் வந்ததும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஓர் இரவு இடைவெளி விட்டு நினைவைக் கிளறும் இந்த உத்தியை இன்றைய உளவியலாளர்கள் கேட்டால் மெச்சுவார்கள். ஆக, திண்ணைப் பள்ளி நினைவாற்றலை வளர்த்தது, கையெழுத்தை வளர்த்தது, ஒழுங்கை வளர்த்தது. பிள்ளை தன் எண்ணத்தை உரைநடையாக எழுத வேண்டும் என்ற தேவை அந்தக் கல்விக்குள் இருக்கவில்லை. ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அந்தத் தேவையை உணர்ந்து வேலை செய்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் ஆறுமுக நாவலர் (1822–1879). யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், 1864இல் சிதம்பரத்திலும் அதே பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். சமயக் காரணங்கள்தாம் அவரை இயக்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழிக் கல்வி நோக்கில் அவர் செய்தது தனியாகப் பேசப்பட வேண்டியது. அவருடைய பாலபாட வரிசை எழுத்து, சொல், சிறு வாக்கியம், பிறகு நீண்ட உரைநடை என்று படிப்படியாக ஏறுகிறது. செய்யுளில் தொடங்கிச் செய்யுளிலேயே முடிந்த கல்விக்கு இடையில் அச்சிட்ட உரைநடையைக் கொண்டுவந்து உட்காரவைத்தவர்களில் அவரும் ஒருவர். ‘இலக்கணச் சுருக்க’த்தின் தொடக்கத்திலேயே, இலக்கண நூல் என்பது பிழையில்லாமல் எழுதவும் பேசவும் உதவும் கருவி என்று வரையறுத்துவிடுகிறார். அந்த நூலின் மூன்று அதிகாரங்கள் எழுத்து, சொல், தொடர்மொழி. தொல்காப்பியத்தில் பொருளதிகாரம் இருந்த மூன்றாம் இடத்தில் தொடரை, அதாவது வாக்கியம் அமைகிற விதத்தை வைத்தார். செய்யுள் இயற்றப் போகிறவனுக்கு இல்லாமல், உரைநடை எழுதப் போகிறவனுக்கு இலக்கணம் சொல்ல வந்தவர் செய்யக்கூடிய மாற்றம் இது. (இதே நாவலர் பின்னர் வள்ளலார் தரப்போடு மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காடினார் என்பது வேறு கதை, தமிழ் உரைநடைக்கு இரண்டு தரப்பும் செய்த பணியை அந்தச் சண்டை இன்றும் மறைத்துக்கொண்டிருக்கிறது.) குறையும் சொல்லத்தான் வேண்டும். ‘இலக்கணச் சுருக்க’த்தின் பகுதிகளுக்குப் பின் வரும் தேர்வு வினாக்கள் பெரும்பாலும் ‘யாது’, ‘எத்தனை’ என்று கேட்பவை. கருவி என்று அறிமுகமான இலக்கணம், கேள்வி-பதிலாகக் கைமாறியபோது ஒப்பிக்கும் பண்டமானது. பின்னால் வந்த பாடநூல்கள் நாவலரின் தொடர்மொழியை விட்டுவிட்டு அவருடைய வினா விடையை மட்டும் பற்றிக்கொண்டன.

இன்றைய நிலைமைக்கு வருவோம். ரிஷி பள்ளத்தாக்கு முறையைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007–08இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்டும் உயரத்தில் சுவரோரம் கரும்பலகை வைத்தது அதன் நல்ல அம்சங்களில் ஒன்று. அது பிள்ளைக்கென்று ஒதுக்கிய பலகை. பெருந்தொற்றுக்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறது. பாடநூல்களில் இலக்கணம் ‘கற்கண்டு’ என்ற தலைப்பில் வருகிறது. ‘மொழியை ஆள்வோம்’ என்ற பகுதியும் உண்டு. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பயன் எப்படி அளக்கப்படுகிறது என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஊரகப் பிள்ளைகளை வீட்டுக்கே போய்ச் சோதிக்கும் ஏசர் ஆய்வு, தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் 10.2 விழுக்காடு, 2022இல் 4.8 விழுக்காடு என்று சொன்னபோது பெரும் பேச்சு எழுந்தது. அது வாய்விட்டுப் படிப்பதைச் சோதிக்கும் எண். தேசிய அடைவுத் தேர்வோ கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது. அதில் பிள்ளை ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் படிக்கிறார்கள் என்று ஆண்டுதோறும் சண்டை போடுகிறோம். எப்படி எழுதுகிறார்கள் என்று சண்டை போடக்கூட நம்மிடம் ஓர் எண் இல்லை.

பள்ளிக்கு வரும்போது பிள்ளை எந்த இலக்கணத்தோடு வருகிறது என்பதிலிருந்து தொடங்கினால் வழி கொஞ்சம் தெளிவாகும். ஜீன் பெர்க்கோ 1958இல் அமெரிக்காவில் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் இல்லாத சொற்களைக் கற்பித்துக் கொடுத்தார். அவர்கள் அவற்றைப் பன்மையாக்கினார்கள், இறந்தகாலமாக்கினார்கள். யாரும் சொல்லித்தராத விதி தலைக்குள் இருந்தால்தான் அது முடியும். தமிழ்ப் பிள்ளையும் அப்படித்தான். நான்கு வயதில் வந்தேன், வந்தான், வந்தா என்று பால் இடம் பார்த்துப் பேசுகிறது. அதற்கு வேற்றுமை உருபு தெரியும், எச்சம் தெரியும், பெயர்தான் தெரியாது. தெரியாத இன்னொன்றும் உண்டு: எழுத்துத் தமிழ். சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்கு, தமிழில் தொடக்கப் பள்ளியின் முதல் நாளிலேயே பிள்ளையின் முன் வந்து நிற்கிறது. தேவனாம்பட்டினம் போன்ற ஒரு கடற்கரைக் குப்பத்துப் பிள்ளை எழுதக்கூடிய ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: ‘எங்கப்பா கடலுக்கு போச்சி பெரிய மீனு கெடச்சிது அம்மா மார்கெட்ல வித்துச்சி’. சிவப்பு மையை எடுத்தால் ஏழெட்டு இடத்தில் சுழிக்கலாம். கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால், வினை ஒவ்வொன்றும் தொடரின் இறுதியில் சரியாக நிற்கிறது. ‘கடலுக்கு’, ‘மார்கெட்ல’ என்று உருபுகள் தத்தம் இடத்தில் உள்ளன. நடந்த வரிசை குலையவில்லை. ‘அப்பா போச்சி’ என்பது பிழையே அல்ல. உரிமையும் மரியாதையும் சேர்ந்த பேச்சு வழக்கு அது. எழுத்து வழக்கில் அதன் இடத்தில் ‘போனார்’ வரும் என்பதைத்தான் பிள்ளை இன்னும் அறியவில்லை. முற்றுப்புள்ளி இல்லாதது ஒரு வகைக் குறை, ‘கடலுக்குப்’ என்று ஒற்று மிகாதது ஒரு வகை, ‘மீனு’ ஒரு வகை. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றைத்தான்: அடுத்த முறை குறைவாக எழுதினால் சுழி குறையும்.

இலக்கண வரையறையைப் படித்தால் எழுத்து மேம்படுமா என்ற கேள்வியை உலகில் அதிகம் ஆராய்ந்தவர்கள் ஆங்கிலம் கற்பிப்பவர்கள். 1963இல் பிராடக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர் ஆகிய மூவர் அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, முறைசார் இலக்கணப் பாடம் எழுத்துத்திறனில் ஏறக்குறைய எந்த நன்மையும் செய்வதில்லை, எழுதும் நேரத்தைத் தின்பதால் கேடும் செய்யக்கூடும் என்று எழுதினார்கள். ஸ்டீவ் கிரஹாமும் டொலரஸ் பெரினும் 2007இல் செய்த தொகுப்பாய்வில், நான்காம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கும் மாணவர்களிடம் தனி இலக்கணப் பாடத்தின் விளைவு மைனஸ் 0.32 என்று வந்தது; சிறு வாக்கியங்களைச் சேர்த்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்கு 0.50 என்று வந்தது. இங்கிலாந்தில் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் 70 பள்ளிகளில் நடத்தி 2022இல் வெளியான ஆய்வும், இலக்கணப் பாடம் கதை எழுதும் திறனை உயர்த்தவில்லை என்றே சொன்னது. மறுபக்கச் சான்றையும் மறைக்கக்கூடாது. எக்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் டெப்ரா மைஹில் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், எழுதும் வேலையோடு பிணைத்து இலக்கணம் சொல்லிக்கொடுத்தபோது பயன் கிடைத்தது. ஆனால் அவர்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மாணவர்கள், அவர்களுள்ளும் ஏற்கெனவே நன்றாக எழுதியவர்களே அதிகம் பயன்பெற்றார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் முடிவு, முதலில் எழுதவை, பிறகு இலக்கணப் பெயரைச் சொல் என்பதுதான்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். ஆங்கிலத்தில் சொல் உருமாறுவது குறைவு, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளியும் குறைவு. தமிழில் புணர்ச்சி உண்டு, உருபு உண்டு, இரட்டை வழக்கு உண்டு. வெளிநாட்டு எண்களை இறக்குமதி செய்து இலக்கணத்தைக் கைவிடச் சொல்வது மொழியைக் கெடுக்கும் என்பார்கள். மறுப்பின் முதல் பாதி முழுக்கச் சரி. ஆங்கிலப் பிள்ளையைவிடத் தமிழ்ப் பிள்ளைக்கு இலக்கணம் அதிகம் தேவை. அதனாலேயே அது வரையறையாக வீணாகக்கூடாது. வாக்கியம் சேர்க்கும் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் தனியாக வேலை மெனக்கெட வேண்டியிருக்கிறது. தமிழோ எச்சங்களின் மேலேயே நிற்கிற மொழி. அந்தக் குப்பத்துப் பிள்ளையின் வாக்கியத்துக்குத் திரும்புவோம். ‘அப்பா கடலுக்குப் போனார். வலை போட்டார். கிழங்கான் பிடித்தார். கரைக்கு வந்தார்.’ நான்கு முற்றுகள். ‘அப்பா கடலுக்குப் போய், வலை போட்டு, கிழங்கான் பிடித்துக் கரைக்கு வந்தார்’ என்று ஒன்றாக்கினால் பிள்ளை மூன்று வினையெச்சங்களைக் கையாண்டுவிட்டது. ‘அப்பா பிடித்த மீனை அம்மா விற்றார்’ என்றால் பெயரெச்சம் வந்துவிட்டது. ‘கடல் சீறினால் அப்பா போகமாட்டார்’ என்றால் நிபந்தனை. இனி ஒரு வம்பு செய்து பார்க்கலாம்: ‘அப்பா வலை போட்டு அம்மா மீன் விற்றார்’ என்று கரும்பலகையில் எழுதினால், எட்டு வயதுப் பிள்ளையின் காதும் எங்கோ உதைக்கிறது என்று சொல்லிவிடும். அப்படியானால் ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ ஏன் உதைக்கவில்லை? அங்கும் எழுவாய் இரண்டுதானே? ஒரு செயல் இன்னொரு செயலுக்குக் காரணமாக நிற்கும்போது எச்சம் வேறு எழுவாயையும் தாங்கும் என்பதைப் பிள்ளைகளே தம் சொற்களில் சொல்லக்கூடும். வினையெச்சம் என்ற பெயரை அப்போது சொன்னால் அது போய் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே ஓர் இடம் இருக்கும். ஒற்று மிகுதலும் இப்படித்தான். ‘பிடித்துக் கொடுத்தான்’, ‘பிடித்த கொக்கு’ என்று தங்கள் நோட்டிலிருந்தே நாலைந்து சோடிகளைச் சேர்த்துப் பார்த்தால் வினையெச்சத்துக்கும் பெயரெச்சத்துக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியும். ‘வந்து பார்த்தான்’ என்பதில் ஏன் மிகவில்லை என்ற அடுத்த கேள்வியும் தானாகவே வரும்.

இதை நாள்தோறும் செய்ய எவ்வளவு நேரம் வேண்டும்? அமெரிக்கக் கல்வித் துறை 2012இல் வெளியிட்ட வழிகாட்டி, மழலை வகுப்பில் அரை மணி, முதல் வகுப்பிலிருந்து நாளுக்கு ஒரு மணி எழுத்துக்கு ஒதுக்கச் சொல்கிறது. நம் கால அட்டவணையில் அது நடக்கிற காரியம் இல்லை. தமிழ்ப் பாடவேளையில் பத்து நிமிடம் நடக்கும். முதல் வகுப்பில் பிள்ளை படம் வரைந்து வாயால் சொல்லட்டும், ஆசிரியரோ மூத்த வகுப்பு அக்காவோ கீழே ஒரு வரி எழுதித் தரட்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு வாக்கியம், மூன்றிலிருந்து நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். 247 எழுத்தும் கைவந்த பிறகுதான் வாக்கியம் என்று காத்திருக்கத் தேவையில்லை. கன்னடப் பிள்ளைகள் எழுத்துகளைக் கற்கும் வேகத்தை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் காட்டியபடி, நம் வகை எழுத்துமுறையில் முழுத் தொகுதியும் பழகச் சில ஆண்டுகள் ஆகும். தெரிந்த எழுத்தில் எழுதி, தெரியாத இடத்தில் ஒலிக்குத் தோன்றியதைப் போட்டுக்கொண்டு போகலாம். கூட்டெழுத்து மலிந்த கன்னடத்தைவிடத் தமிழ் எழுத்து எளிது என்பது நமக்குக் கிடைத்த சலுகை. பத்து நிமிடத்தை ஏன் நாள்தோறும் வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஒரு மணி வைத்தால் ஆகாதா என்றால், ஆகாது. எபிங்ஹாஸ் 1885இல் தன்மீதே நடத்திய நினைவுச் சோதனை தொடங்கி, செப்பேடா குழுவினர் 2006இல் செய்த தொகுப்பாய்வு வரை எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன: ஒரே அளவு நேரத்தைப் பிரித்துப் போட்டால் நினைவில் நிற்பது அதிகம். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் அந்தப் பூப்பெயர் உபாத்தியாயருக்கு இதற்கு ஆய்வு எதுவும் தேவைப்படவில்லை.

ஆசிரியர்கள் சொல்லும் தடை உண்மையானது, அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் அளவுகோலில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் இருவரே பார்க்கும் பள்ளிகள் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலும் உண்டு, கிள்ளைப் பக்கத்திலும் உண்டு. முப்பது நோட்டுக்கு ஐந்து நிமிடம் வீதம் என்றால் இரண்டரை மணி நேரம், யாராலும் ஆகாது. எனவே எல்லா நோட்டையும் எல்லா நாளும் திருத்துவது என்ற எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். நாளுக்கு ஆறு நோட்டுப் பார்த்தால் வாரத்தில் முப்பதும் ஒரு சுற்று வந்துவிடும். பார்க்கும் ஆறிலும் ஒரே ஒரு குறையைத்தான் தேட வேண்டும்: இந்த வாரம் முற்றுப்புள்ளி, அடுத்த வாரம் ‘போச்சி’யும் ‘போனாரு’ம் ‘போனார்’ ஆவது, அதற்கடுத்து ற-ர. யாருடையது என்று சொல்லாமல் ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி வகுப்பே சேர்ந்து சீர்செய்தால், மீதி இருபத்துநான்கு பேருக்கும் அன்றைய திருத்தம் கிடைத்துவிடும். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளின் நோட்டைப் படித்துப் பார்க்கலாம். இரண்டு வகுப்பு ஒரே அறையில் இருப்பது இந்த ஒரு வேலைக்கு வசதிதான். சட்டாம்பிள்ளையிடமிருந்து பிரம்பை வாங்கி வைத்துவிட்டு அவனை மறுபடி வேலைக்கு எடுத்தால் தப்பில்லை.

பிழையைத் திருத்தாமல் விட்டால் அதுவே படிந்துவிடாதா என்ற அச்சம் பெற்றோருக்கும் உண்டு, தமிழாசிரியர்களுக்கு இன்னும் அதிகம். விட்டுவிடச் சொல்லவில்லை, வரிசைப்படுத்தச் சொல்கிறோம். படிந்துபோவது யாரும் கவனிக்காத பிழைதான். ஒரு வாரம் முழுக்க வகுப்பே ஒரு பிழையைத் துரத்தினால் அது எளிதில் படியாது. சொல்வதை எழுதுதலுக்கும் பார்த்து எழுதுதலுக்கும் இதில் இடமுண்டு. விரலும் கண்ணும் பழகாத பிள்ளை, எழுத்தின் வடிவத்தைத் தேடுவதிலேயே வாக்கியத்தை மறந்துவிடும். முதல் இரண்டு வகுப்பில் கையெழுத்துக்கு நேரம் கொடுத்தே ஆக வேண்டும். அந்த நேரம் மற்ற எல்லாவற்றையும் விழுங்குவதுதான் பிரச்சினை. பேச்சு வழக்கை நோட்டில் அனுமதித்தால் செந்தமிழ் கெடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும் வேலையைப் பிள்ளையின் கையாலேயே செய்யவைப்பதுதான் செந்தமிழ்ப் பயிற்சி. தன் வாயில் வந்த ‘கெடச்சிது’வைத் தானே ‘கிடைத்தது’ என்று மாற்றி எழுதிய பிள்ளைக்கு இரண்டு வழக்கும் தெரியும். ‘கிடைத்தது’ என்பதைப் பார்த்து மட்டுமே எழுதிய பிள்ளைக்கு இரண்டுக்கும் உள்ள உறவு தெரியாது. பேச்சுத் தமிழைப் பற்றிய நுட்பமான மொழியியல் ஆய்வுகள் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரிலேயே பல பத்தாண்டுகள் நடந்திருக்கின்றன. அந்த வளாகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள தொடக்கப் பள்ளியின் இலக்கணப் பாடத்தில் அதன் சாயலைக் காண்பது அரிது. வடலூரில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இரண்டுக்கும் இடையே பாலம் போடத் தக்க இடம்.

இன்னொரு மறுப்பு இலக்கிய அன்பர்களிடமிருந்து வரும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை, ஞானபீடம் பெற்றார். இலக்கணமாவது, பயிற்சியாவது என்று அவரைச் சாட்சிக்கு இழுப்பது நம்மிடையே வழக்கம். சாட்சி எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். பள்ளியை விட்டவர் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே வாசிப்பும் பேச்சும் அச்சகமும் இருந்தன. பிழைதிருத்தும் வேலையும் பார்த்தார். அடுத்தவர் வாக்கியத்தை நாள் முழுக்க ஒற்றுக்கும் புள்ளிக்குமாக உற்றுப் பார்க்கும் வேலையைவிடக் கடுமையான இலக்கணப் பயிற்சி எந்தப் பள்ளியிலும் கிடைக்காது. அவருக்கு வாய்த்த சூழல் எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது என்பதால்தான் பள்ளி தேவைப்படுகிறது. கைப்பேசியிடம் பேசினால் அதுவே எழுதிவிடுகிறதே என்பது புதிதாகக் கேட்கும் வாதம். அது எழுதித் தருவதில் எது சரி, எது தவறு என்று பார்த்துச் சொல்லவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒருகாலத்தில் தானே எழுதிப் பழகியவராக இருக்க வேண்டும்.

முதல் தலைமுறையாகப் படிக்க வரும் வீடுகளைப் பற்றிய கவலை இவற்றைவிடக் கனமானது. பிச்சாவரம் பக்கத்து இருளர் குடியிருப்பிலோ பண்ருட்டி முந்திரித் தோப்பு ஓரத்திலோ வீட்டில் நோட்டைப் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. வீட்டுப்பாடத்தை நம்பிய எந்தத் திட்டமும் அங்கே படிக்காத பெற்றோரைத் தண்டிப்பதாகவே முடியும். அதனால் இந்தப் பத்து நிமிடமும் பள்ளிக்குள்ளேயே, பாடவேளைக்குள்ளேயே நடக்க வேண்டும். எழுத வேண்டிய விஷயத்துக்கு மட்டும் அந்த வீடுகளில் பஞ்சமில்லை. சுரபுன்னைக் காட்டு வாய்க்காலில் கையால் நண்டு பிடிப்பது எப்படி, முந்திரிக்கொட்டையைச் சுடும்போது எண்ணெய் கையில் பட்டால் என்ன ஆகும், புயல் எச்சரிக்கை வந்தால் படகை எங்கே கட்டுவார்கள் என்பதெல்லாம் ஆசிரியருக்கே தெரியாமல் இருக்கலாம். ஆசிரியருக்குத் தெரியாததைப் பிள்ளை எழுதும்போதுதான், படிப்பவருக்குப் புரியும்படி எழுத வேண்டிய கட்டாயம் அதற்கு வருகிறது. ‘பசு ஒரு வீட்டு விலங்கு’ என்ற கட்டுரையில் அந்தக் கட்டாயம் ஒருபோதும் வராது, ஏனென்றால் படிக்கப் போகிறவருக்கு அது முன்பே தெரியும்.

இவ்வளவும் நடந்தாலும் தேர்வுத்தாள் பழையபடி இருந்தால், டிசம்பர் வந்ததும் மூன்று வாக்கிய நோட்டு ஓரமாகப் போய்விடும், வரையறை நோட்டு வெளியே வந்துவிடும். ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐந்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் ‘வினையெச்சம் என்றால் என்ன?’ என்பது போன்ற இரண்டு மதிப்பெண் கேள்வியை எடுத்துவிட்டு, அதே இரண்டு மதிப்பெண்ணுக்கு ‘அம்மா சந்தைக்குப் போனார். கத்தரிக்காய் வாங்கினார். வீட்டுக்கு வந்தார். இவற்றை ஒரே வாக்கியமாக எழுதுக’ என்று கேட்கலாம். தாள் திருத்த ஆகும் நேரம் ஒன்றுதான். கூடவே ஐந்து மதிப்பெண்ணுக்கு, யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர முடியாத ஒரு தலைப்பில் ஐந்து வாக்கியம். அரையாண்டு முடிந்ததும் அந்த ஐந்து வாக்கியங்களை வட்டாரத்துக்குச் சில பள்ளிகள் வீதம் திரட்டி, எந்தப் பிழை எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால், அடுத்த பருவத்தில் எந்த வாரம் எதைத் துரத்துவது என்ற பட்டியல் அந்தத் தாள்களிலிருந்தே கிடைத்துவிடும். அதற்குப் புதிய திட்டமோ தனி நிதியோ வேண்டியதில்லை. ஆசிரியர் கூட்டம் ஒன்றில் இரண்டு மணி நேரம் போதும்.